காய்ந்த மிளகாய், புகையிட்ட மிளகாய்: வீட்டில் மெக்சிகோ சல்சா பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சல்சா என்றதும் தக்காளி, வெங்காயம், கொத்தமல்லியைப் பொடியாக நறுக்கிக் கலந்த ஒன்றே பலருடைய நினைவுக்கு வருகிறது. அதுவும் மெக்சிகோவினுடையதுதான், நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த நாட்டுச் சந்தையில் மூட்டை மூட்டையாகக் குவித்து வைத்திருக்கும் காய்ந்த மிளகாய்களில் இருந்து அரைக்கும் சல்சாக்கள் தனி உலகம். பழ வாசனை, புகை, மெல்லிய கசப்பு, புளிப்பு எல்லாம் அவற்றில் காரத்துக்கு முன்னால் வந்து நிற்கும். வீட்டில் முதன்முதலாகச் செய்து பார்ப்பவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மெக்சிகோவில் எத்தனையோ வகை மிளகாய் இருக்கிறதே, நான் எதை முதலில் வாங்குவது?

நான்கு போதும்: ஆன்ச்சோ, குவாஹியோ, ஆர்போல், மொரிட்டா.

ஆன்ச்சோ அகலமானது, சுருங்கியது, கருஞ்சிவப்பு நிறம். காரம் மிகக் குறைவு. முகர்ந்தால் உலர்ந்த திராட்சை வாசனை வரும். சல்சாவுக்குச் சதைப்பற்றையும் இனிப்பையும் தருவது இதுதான். குவாஹியோ நீளமாக, வழவழப்பான தோலுடன் இருக்கும். நல்ல சிவப்பு நிறமும் இலேசான புளிப்பும் அதன் சிறப்பு. ஆர்போல் ஒல்லியான சிறு மிளகாய், காரத்துக்காகவே சேர்ப்பது. மொரிட்டா புகையிட்ட மிளகாய்.

இவற்றை ஒரே நாளில் ஒன்றாகப் போட்டு அரைத்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் தனியாக வறுத்து, ஊறவைத்து, உப்பு மட்டும் சேர்த்து அரைத்து ஒரு கரண்டி சுவைத்துப் பாருங்கள். மிளகாய் என்பது காரம் தரும் பொருள் என்று மட்டுமே பழகிய நாக்குக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. நான்கையும் அறிந்த பிறகு காஸ்கபெல், பசீயா, முலாட்டோ என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரே மிளகாய்க்கு இரண்டு பெயர் இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம். பச்சையாக இருக்கும்போது ஒரு பெயர், காய்ந்த பிறகு வேறு பெயர். பொப்லானோ காய்ந்தால் ஆன்ச்சோ. சிலாக்கா காய்ந்தால் பசீயா. மிராசோல் காய்ந்தால் குவாஹியோ. ஹலபீனோ பழுத்துப் புகையில் காய்ந்தால் சிப்போட்லே. பச்சையில் இருக்கும் சுவையும் காய்ந்ததில் இருக்கும் சுவையும் வேறு என்பதால், சமையலில் ஒன்றுக்குப் பதிலாக மற்றொன்றைப் போட முடியாது.

அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கை. கலிபோர்னியா கடைகளில் பச்சைப் பொப்லானோவையும் அதன் காய்ந்த வடிவமான ஆன்ச்சோவையும் பசீயா என்றே பெயரிட்டு விற்பதுண்டு. பெயரைப் பார்க்காமல் உருவத்தைப் பாருங்கள்: உண்மையான பசீயா நீளமாக, குறுகலாக, கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். ஆன்ச்சோவுக்கும் முலாட்டோவுக்கும் குழப்பம் வந்தால், ஒரு துண்டைக் கிழித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். சிவப்பாகத் தெரிந்தால் ஆன்ச்சோ, பழுப்பாகத் தெரிந்தால் முலாட்டோ.

சிப்போட்லே, மொரிட்டா, மெக்கோ: இவற்றுக்குள் என்ன வேறுபாடு?

மூன்று பெயர்களும் ஒரே குடும்பம். ஹலபீனோ மிளகாயைச் செடியிலேயே நன்றாகச் சிவக்கவிட்டுப் பறித்து, விறகுப் புகையில் பல நாள் உலர்த்துவது சிப்போட்லே. அதில் சிறியதாக, கருஞ்சிவப்பாக, இன்னும் சற்று நெகிழ்வோடு இருப்பது மொரிட்டா. புகையில் குறைந்த நேரமே இருந்ததால் அதில் பழச் சுவை தங்கியிருக்கும். மெக்கோ நீண்ட நேரம் புகையில் கிடந்தது. வெளிறிய பழுப்பு நிறம், வறண்ட தோல், மரப்பட்டைபோல் ஒரு தோற்றம். அதன் புகை வாசனை ஆழமானது. முதன்முறை செய்பவர்களுக்கு நான் மொரிட்டாவையே பரிந்துரைப்பேன். மெக்கோவைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டாலும் சல்சா முழுவதையும் புகை விழுங்கிவிடும்.

புகையிடுவது சுவைக்காக மட்டும் வந்த பழக்கமில்லை. ஹலபீனோவின் சதை தடிமனானது. வெயிலில் பரப்பினால் உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுவதற்குள் அழுகத் தொடங்கிவிடும். நெருப்பின் சூடும் புகையும் சேர்ந்துதான் அதைக் கெடாமல் உலர்த்த முடிந்தது. சுமார் 10 கிலோ ஹலபீனோ போட்டால் ஒரு கிலோ சிப்போட்லே கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. விலை ஏன் அப்படி இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே விடை.

பழக்கம் மிகப் பழையது. 16ஆம் நூற்றாண்டில் பெர்னார்தினோ தே சகாகூன் என்ற பிரான்சிஸ்கன் துறவி, நவாட்டில் மொழி பேசிய மக்களிடம் கேட்டுத் தொகுத்த பெரும் ஆவணத்தில் சந்தை வியாபாரிகளைப் பற்றிய பகுதி ஒன்று உண்டு. நல்ல மிளகாய் வியாபாரி விற்கும் சரக்குகளின் பட்டியலில் புகையிட்ட மிளகாயும் இருக்கிறது. கெட்டுப்போனதையும் கழிவையும் விற்கும் மோசமான வியாபாரியையும் அதே பகுதி விட்டுவைக்கவில்லை.

ஹலபீனோவைப் போலவே, தெற்கே வாஹாக்கா மாநிலத்தின் மிஹே மலைப்பகுதியில் விளையும் மிளகாய் ஒன்றையும் புகையிட்டு உலர்த்துகிறார்கள். வாஹாக்கா பசீயா என்று அதற்குப் பெயர். சாதாரணப் பசீயாவோடு அதற்குப் பெயரைத் தவிர ஒட்டுறவு இல்லை. எங்கேனும் கண்ணில் பட்டால் விலை பார்க்காமல் வாங்கிவிடுங்கள். அவ்வளவு சுத்தமான புகை வாசனை வேறு எதிலும் நான் கண்டதில்லை.

டப்பாவில் வரும் சிப்போட்லேயைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. தக்காளி, வினிகர், பூண்டு, மசாலாப் பொருட்கள், சிறிது சர்க்கரை சேர்ந்த அடோபோ என்ற குழம்பில் ஊறிய மிளகாய் அது. மெக்சிகோ வீடுகளிலும் அன்றாடம் பயன்படுகிறது. ஆனால் அதில் வினிகரும் இனிப்பும் ஏற்கனவே இருப்பதால், காய்ந்த மொரிட்டா கேட்கும் சல்சாவில் அதைப் போட்டால் சுவை வேறாகிவிடும். டப்பாவைத் திறந்த பிறகு மீதியைக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

நல்ல காய்ந்த மிளகாய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வளைத்துப் பாருங்கள். ஆன்ச்சோவும் குவாஹியோவும் மெல்லிய தோல்போல் வளைய வேண்டும். தொட்டதும் நொறுங்கினால் பழைய சரக்கு. வெளுத்த திட்டுகள், சிறு துளைகள், பையின் அடியில் தூசு, இவை பூச்சி இருப்பதன் அடையாளம். மூடிய பையையும் மூக்கருகே கொண்டுபோய் முகருங்கள். நல்ல மிளகாயின் வாசனை பையைத் தாண்டி வரும். வாங்கியதைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு உறைபெட்டியில் வைத்தால் ஓராண்டு வரை வாசனை போகாது.

ஆர்போல் வகையில் ஊர்ப் பெயர் சொல்லி விற்பதும் உண்டு. ஹலிஸ்கோ மாநிலத்தின் யாவாலிக்கா பகுதி மிளகாய்க்கு 2018இல் மெக்சிகோ அரசு பிறப்பிடப் பாதுகாப்பு வழங்கியது. வெளிநாடுகளில் இருந்து மலிவாக வரும் மிளகாயோடு போட்டி போட முடியாமல் தவித்த உழவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

விதையை எடுக்க வேண்டுமா? காரம் விதையில்தானே இருக்கிறது?

காரம் இருப்பது விதையில் இல்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெளிர் நிற நரம்பில். காரத்தைத் தரும் கேப்சைசின் என்ற பொருள் அங்கேதான் உருவாகிறது. நரம்போடு உரசிக்கொண்டே இருப்பதால் விதையிலும் காரம் ஒட்டிக்கொள்கிறது.

ஆன்ச்சோ, குவாஹியோ, பசீயா ஆகியவற்றில் காம்பைக் கிள்ளி, ஒரு பக்கம் கீறி, விதையையும் நரம்பையும் உதறிவிடுங்கள். விதை அரைபட்டால் கசப்பும் நறநறப்பும் வரும். ஆர்போலிலும் மொரிட்டாவிலும் காம்பை மட்டும் எடுத்தால் போதும். மிளகாயைத் தண்ணீரில் கழுவாதீர்கள். ஈரமான மிளகாய் வறுபடாது, வேகும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு உலரவிடுவதே சரி.

வறுப்பது எப்படி? எனக்கு ஒவ்வொரு முறையும் கருகிவிடுகிறது.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க உங்களுக்கு நேரம் இருந்தால், இதைப் படியுங்கள். காய்ந்த மிளகாய்ச் சல்சாவின் தலையெழுத்து தோசைக்கல்லின் மேல் சில நொடிகளில் தீர்மானமாகிவிடுகிறது.

மெக்சிகோவில் இதற்குக் கொமால் என்ற தட்டையான மண்தட்டையோ இரும்புத் தட்டையோ பயன்படுத்துகிறார்கள். நம் இரும்புத் தோசைக்கல் அந்த வேலையை அப்படியே செய்யும். எண்ணெய் வேண்டாம். மிதமான தீ. கல் சூடானதும் விரித்த மிளகாயை உட்புறம் கீழே இருக்கும்படி வைத்து, தோசைத் திருப்பியால் இலேசாக அழுத்துங்கள். சின்னதாக ஒரு சீறல் கேட்கும். தோல் அங்கங்கே கொப்புளிக்கும், நிறம் ஓரிடத்தில் செங்கல் நிறமாக வெளிறும், வாசனை எழும். அவ்வளவுதான், திருப்பிப் போட்டு இன்னும் சில நொடிகள், உடனே எடுத்துவிடுங்கள். ஒரு பக்கத்துக்கு 5 முதல் 10 நொடி என்று வைத்துக்கொள்ளலாம். ஆன்ச்சோவுக்குச் சற்றுக் கூடலாம், ஆர்போலைப் பரபரவென்று உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அப்பளம் சுடுவதைப்போல் பக்கத்திலேயே நின்று கவனிக்க வேண்டிய வேலை இது. தொலைபேசி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டுப் போங்கள்.

ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக வறுங்கள். தடிமன் வேறு, ஈரம் வேறு என்பதால் ஒன்று பக்குவமாவதற்குள் இன்னொன்று தீய்ந்துவிடும். மெல்லிய நீலப் புகையும் மூக்கைக் குத்தும் கமறலும் வந்துவிட்டால் அந்த மிளகாய் போய்விட்டது. அதைத் தூக்கி எறியுங்கள். வெல்லம் போட்டாலும் எலுமிச்சை பிழிந்தாலும் கருகிய மிளகாயின் கசப்பு போகாது. சன்னலைத் திறந்து வைத்துவிட்டே தொடங்குங்கள்; ஆர்போலின் நெடி வீடு முழுவதையும் இருமவைக்கும்.

ஊறவைத்த தண்ணீரிலேயே அரைக்கலாமா?

முதலில் ஒரு சொட்டுச் சுவைத்துப் பாருங்கள். பழச் சாயல் இருந்தால் பயன்படுத்துங்கள், கசந்தால் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். குவாஹியோ தண்ணீர் பெரும்பாலும் நன்றாக இருக்கும். பசீயா, ஆன்ச்சோ தண்ணீர் பல நேரம் கசக்கும்.

ஊறவைக்கும் தண்ணீர் கொதிக்கக் கூடாது, சுடவேண்டும். மிளகாய் மிதக்காதபடி மேலே ஒரு சிறு தட்டை வைத்து 15 முதல் 20 நிமிடம் விட்டால் போதும். மணிக்கணக்கில் ஊறினால் சுவை எல்லாம் தண்ணீரோடு போய்விடும்.

முதன்முதலாக எந்தச் சல்சாவைச் செய்வது?

மொரிட்டாவும் தொமாத்தியோவும் சேர்ந்த சல்சா. பொருட்கள் குறைவு, பலன் பெரிது.

தொமாத்தியோ என்பது காகிதம்போன்ற உறைக்குள் இருக்கும் புளிப்பான பச்சைக் காய். நடுத்தர அளவில் எட்டு எடுத்தால் ஏறக்குறைய 350 கிராம் வரும். உறையை உரித்து, தோலில் இருக்கும் பிசுபிசுப்புப் போகும்வரை வெந்நீரில் கழுவித் துடையுங்கள். சூடான கல்லில் வைத்து, அங்கங்கே கறுத்து, பளிச்சென்ற பச்சை மங்கி, தொட்டால் குழையும்வரை திருப்பித் திருப்பிச் சுடுங்கள். வெடித்துச் சாறு வழிந்துவிடக் கூடாது. தோல் உரிக்காத இரண்டு பல் பூண்டையும் அதே கல்லின் ஓரத்தில் போட்டுவிடலாம். நான்கு மொரிட்டாவை மேலே சொன்னபடி வறுத்து, சுடுநீரில் 15 நிமிடம் ஊறவையுங்கள்.

அரைக்கும் வரிசை முக்கியம். முதலில் உரித்த பூண்டும் முக்கால் தேக்கரண்டி உப்பும் சேர்த்து விழுதாக்குங்கள். பிறகு மிளகாய். அது நன்றாக மசிந்த பிறகு கடைசியாகத் தொமாத்தியோ. இந்த வரிசையில் செய்தால் மிளகாய் மையாகவும் காய் சற்றுக் கொரகொரப்பாகவும் அமையும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் மிளகாய்த் தோல் துண்டு துண்டாகப் பல்லில் சிக்கும்.

ஆறியதும் சல்சா இறுகிக் கூழ்போலாகிவிட்டதே என்று பலர் கவலைப்படுகிறார்கள். தொமாத்தியோவில் பெக்டின் அதிகம். அதன் வேலை அது. இரண்டு கரண்டி தண்ணீர் விட்டுக் கலக்கினால் சரியாகிவிடும். அரைத்தவுடன் சாப்பிடாமல் அரை மணி நேரம் விட்டுவைத்தால் புகையும் புளிப்பும் ஒன்றோடொன்று சேரும். உப்பை அதன் பிறகு இன்னொரு முறை பாருங்கள்.

தொமாத்தியோ எங்கள் ஊரில் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

கெட்டியான தக்காளிக்காயைச் சுட்டு, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் ஓரளவு ஒத்துவரும். டப்பாவில் வரும் தொமாத்தியோ கிடைத்தால் அது இன்னும் நல்லது. நீரை வடித்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

நம் வரப்போரங்களில் வளரும் சொடக்குத் தக்காளி இதன் உறவுச் செடிதான், உறையைப் பார்த்தாலே தெரியும். ஆனால் அதன் பழுக்காத காயைத் தின்பது நல்லதில்லை. அதைப் பதிலாகப் போட்டுவிடாதீர்கள்.

மிக்ஸி போதுமா, கல்லில்தான் அரைக்க வேண்டுமா?

மிக்ஸி போதும். ஆனால் கல் வேறு சல்சாவைத் தரும். மெக்சிகோவின் மொல்காஹெத்தே என்பது மூன்று கால்கள் கொண்ட, எரிமலைப் பாறையில் செதுக்கிய கல்லுரல். கையில் பிடித்து அரைக்கும் குழவி தெஹோலோத்தே. பாறையின் சொரசொரப்பு மிளகாயை வெட்டாமல் நசுக்குகிறது. எண்ணெயும் சாறும் வெளியே வருகின்றன. வீட்டில் அம்மி இருந்தால் அதிலேயே அரையுங்கள். அம்மிச் சல்சா எந்த மெக்சிகோ வீட்டுப் பந்தியிலும் தலைநிமிர்ந்து நிற்கும்.

மொல்காஹெத்தே வாங்குபவர்கள் சிமென்ட்டில் வார்த்த போலிகளிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உலர்ந்த கல்லைச் சுரண்டிப் பாருங்கள். சாம்பல் நிறப் பொடி விடாமல் உதிர்ந்துகொண்டே இருந்தால் விட்டுவிடுங்கள். உண்மையான கல்லையும் பழக்க வேண்டும்: ஒரு பிடி பச்சரிசியைப் போட்டு அரைத்துக் கொட்டி, அரிசி மாவு வெள்ளையாக வரும்வரை திரும்பத் திரும்பச் செய்யுங்கள். கடைசியில் பூண்டும் உப்பும் சீரகமும் சேர்த்து அரைத்து வழித்துவிட்டுக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

மிக்ஸியில் அரைப்பவர்கள் விட்டு விட்டு ஓட்டினால் கொரகொரப்பு கிடைக்கும். குவாஹியோவுக்கு மட்டும் இது பொருந்தாது. அதன் தோல் அவ்வளவு கெட்டி. நீண்ட நேரம் ஓட்டி, வடிகட்டியில் கரண்டியால் தேய்த்து வடித்தே ஆக வேண்டும்.

டாக்கோ கடையில் தரும் அந்தச் சிவப்புச் சல்சாவை எப்படிச் செய்வது?

அதற்கு ஊருக்கு ஊர், கடைக்குக் கடை ஒரு செய்முறை. வீட்டில் நன்றாக வரும் ஒன்று: குவாஹியோ ஆறு, ஆர்போல் நான்கு, பழுத்த தக்காளி மூன்று, பூண்டு இரண்டு பல், கால் வெங்காயம். மிளகாய்களை வறுத்து ஊறவையுங்கள். தக்காளி, பூண்டு, வெங்காயத்தைக் கறுப்புத் திட்டுகள் விழும்வரை கல்லில் சுடுங்கள். முதலில் மிளகாயை அரை கப் தண்ணீரோடு மையாக அரைத்து வடிகட்டிவிட்டு, பிறகு மற்றவற்றோடு சேர்த்து அரையுங்கள்.

இதன் பிறகு வரும் படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை நன்றாகக் காயவைத்து, அரைத்ததை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சத்தமாகச் சீறித் தெறிக்கும், மூடியைக் கையில் வைத்திருங்கள். ஐந்து நிமிடம் கிளறினால் பச்சை வாசனை போய், நிறம் ஒரு படி ஆழமாகி, எண்ணெய் ஓரத்தில் பிரியும். உப்பை இப்போது போடுங்கள். கூர்மையான காரம் வேண்டுமென்றால் ஆர்போலைக் கூட்டுங்கள், குவாஹியோவை வேண்டாம். அது நிறத்துக்கும் சதைக்கும்.

சல்சா கசக்கிறது. காப்பாற்ற முடியுமா?

மிளகாய் கருகியதால் வந்த கசப்பு என்றால் முடியாது. ஊறவைத்த நீரால் வந்த இலேசான கசப்பு என்றால், இன்னொரு சுட்ட தக்காளியும் ஒரு சிட்டிகை சர்க்கரையும் சேர்த்து எண்ணெயில் கொதிக்கவிடுங்கள், தணியும். உப்புக் குறைவாக இருந்தாலும் கசப்பு தூக்கலாகத் தெரியும். அதை முதலில் சரிபாருங்கள்.

சல்சா மாச்சா என்கிறார்களே, அது என்ன?

எண்ணெயில் செய்வது. வெராகுரூஸ் மாநிலத்துக்கு, குறிப்பாக ஒரிசாபா நகரத்துக்கு, உரியதாகச் சொல்லப்படும் சல்சா. தண்ணீரும் தக்காளியும் இதில் கிடையாது. வேர்க்கடலையும் எள்ளும் பூண்டும் காய்ந்த மிளகாயும் எண்ணெயில் வறுபட்டு அரைபடுகின்றன. நம் வீடுகளில் இதற்கு வரவேற்பு எப்போதும் உறுதி.

மணமில்லாத எண்ணெய் 300 மில்லி, மொரிட்டா 25 கிராம், ஆன்ச்சோ இரண்டு, ஆர்போல் 10 கிராம், பச்சை வேர்க்கடலை 60 கிராம், எள் 25 கிராம், பூண்டு ஐந்து பல். எண்ணெயை மிதமாகச் சூடாக்கி, மெல்லியதாக நறுக்கிய பூண்டை இளம்பொன்னிறமாகப் பொரித்து எடுங்கள். அடுத்து வேர்க்கடலை. அதன் பிறகு எள். அது நிறம் மாறத் தொடங்கியதுமே நுண்ணிய கண்ணுள்ள வடிகட்டியில் அள்ளிவிடுங்கள். இப்போது அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறுத்திருங்கள். காம்பும் விதையும் நீக்கிக் கிள்ளிய மிளகாயை அந்தச் சூட்டிலேயே போடுங்கள். அரை நிமிடத்துக்குள் உப்பி, பளபளப்பாகி, வாசனை பரவும். உடனே அரித்து எடுங்கள். எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கும்போது போட்டால் கண்ணிமைப்பதற்குள் கறுத்துவிடும்.

எல்லாம் ஆறிய பிறகு மிளகாய், பூண்டு, வேர்க்கடலையோடு ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்து, அந்த எண்ணெயையும் ஊற்றிக் கொரகொரப்பாக அரைத்து, எள்ளைக் கடைசியில் கலந்துவிடுங்கள். மறுநாள்தான் இது முழுச் சுவைக்கு வரும். நல்லெண்ணெயில் செய்யலாமா என்று கேட்கிறார்கள்: அதன் மணம் மொரிட்டாவின் புகையை மறைத்துவிடும், வேண்டாம்.

கள் சேர்க்கும் சல்சா உண்டாமே?

சல்சா பொர்ராச்சா. மாகே என்னும் கற்றாழை வகையின் சாறு புளித்து உருவாகும் புல்கே என்ற பானத்தில் பசீயா மிளகாயை ஊறவைத்து அரைப்பது. மத்திய மெக்சிகோவில், குழியில் வேகவைத்த ஆட்டிறைச்சியான பார்பகோவாவுக்கு இதுதான் துணை. புல்கே ஊர்விட்டு ஊர் போவதற்குள் கெட்டுவிடும் பானம். அதனால் வெளியில் இருப்பவர்கள் பீரோ ஆரஞ்சுச் சாறோ சேர்க்கிறார்கள். ஆரஞ்சுச் சாறும் பசீயாவும் அருமையாகப் பொருந்துகின்றன. மேலே உப்பான பாலாடைக்கட்டியை உதிர்த்துப் போட வேண்டும்.

நம் ஊர் வர மிளகாயை வைத்தே செய்ய முடியாதா?

சல்சா வரும், அந்தச் சல்சா வராது. வடிவத்தைப் பார்த்து மாற்றினால் ஏமாற்றமே மிஞ்சும். ராமநாதபுரத்துக் குண்டு மிளகாயும் மெக்சிகோவின் காஸ்கபெலும் பார்க்க உடன்பிறப்புகள், ஆட்டினால் இரண்டுமே உள்ளே விதை குலுங்கும். ஆனால் குண்டு மிளகாயின் காரம் பல மடங்கு அதிகம். காஸ்கபெல்லோ மென்மையான, கொட்டைச் சாயல் கொண்ட சுவை. 2023இல் புவிசார் குறியீடு பெற்ற நம் குண்டு மிளகாய் அதற்குரிய சமையலில் அரசன். காஸ்கபெல்லின் இடத்தில் அதை உட்காரவைப்பது இரண்டுக்கும் நியாயமில்லை.

காரத்தையும் நிறத்தையும் மட்டும் பார்த்தால் சில மாற்றுகள் உண்டு. குவாஹியோவுக்குப் பதில் பியாடகி அல்லது காஷ்மீரி மிளகாய்; ஆர்போலுக்குப் பதில் நீட்டு மிளகாய், எண்ணிக்கையைக் குறைத்து. ஆன்ச்சோவுக்கு மாற்றே இல்லை. மிளகாய் நம்மிடம் வந்ததே போர்த்துக்கீசியர் காலத்தில், அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகள் முன்பிருந்தே மெக்சிகோ மக்கள் அதைப் பயிரிட்டுத் தேர்ந்தெடுத்து வந்திருக்கிறார்கள். ஒவ்வொரு வகையும் ஒரு தனிச் சுவைக்காக வளர்க்கப்பட்டது. நகரங்களில் உள்ள இறக்குமதிக் கடைகளிலும் இணையத்திலும் தேடி ஒருமுறையாவது அசல் மிளகாயில் செய்து பாருங்கள் என்பது என் வேண்டுகோள்.

புகை வாசனைக்கு வேறு வழி?

ஸ்பெயினின் எஸ்த்ரமதுரா பகுதியில் ஓக் மரப் புகையில் உலர்த்திய மிளகாய்த் தூள் ஒன்று பாட்டிலிலும் டப்பாவிலும் கிடைக்கிறது. அரைத் தேக்கரண்டி போதும். திரவப் புகை எனக்கு உடன்பாடில்லாத சரக்கு. ஒரு சொட்டு கூடினாலும் மருந்து வாடை. நாகாலாந்தில் அடுப்புப் புகையில் உலர்த்திய ராஜா மிளகாய் கிடைத்தால் அதன் புகை உண்மையானது, ஆனால் ஹலபீனோவைவிட நூறு மடங்குக்கு மேல் காரம். நகக்கண் அளவுத் துண்டுக்கு மேல் போட வேண்டாம்.

வீட்டில் நீங்களே புகையிட விரும்பினால், மொட்டை மாடியோ தோட்டமோ மூடியுள்ள கரியடுப்போ வேண்டும். நன்கு சிவந்த ஹலபீனோக்களைக் கீறி, கரி ஒரு பக்கம், மிளகாய் மறுபக்கமாக வைத்து, பழ மரச் சிராய்களைக் கரியின் மேல் தூவி மூடுங்கள். சூடு 90 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மிளகாய் வெந்துவிடும். நான்கைந்து மணி நேரம் புகை பிடித்தபின் மீதி ஈரத்தை ஓவனில் மிகக் குறைந்த சூட்டில் உலர்த்தலாம். வண்ணம் பூசிய மரம், ஒட்டுப்பலகை எதையும் எரிக்காதீர்கள். அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்குள் இதைச் செய்யவே கூடாது.

கை எரிகிறது, வாய் எரிகிறது. என்ன செய்ய?

கேப்சைசின் தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். மிளகாயைத் தொடும் முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டு இருமுறை கழுவுங்கள். வாய்க்குப் பாலோ தயிரோ. கண்ணைத் தொட்டுவிடாதீர்கள்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

தக்காளி, தொமாத்தியோ சேர்ந்த சல்சாக்கள் குளிர்பெட்டியில் நான்கைந்து நாள். உறைபெட்டியில் இரண்டு மூன்று மாதம். சல்சா மாச்சாவைக் குளிர்பெட்டியில் ஒரு மாதம் வரை வைக்கலாம். எண்ணெயில் மூழ்கிய பூண்டைச் சமையலறை மேடையில் வாரக்கணக்கில் விட்டுவைப்பது ஆபத்து: காற்றில்லாத இடத்தில் வளரும் பொட்டுலிசம் கிருமிக்கு அது ஏற்ற சூழல். பூண்டை நன்றாகப் பொரித்திருந்தாலும் குளிர்பெட்டியை விட்டுவிடாதீர்கள். பாட்டிலில் அடைத்து வெளியில் வைக்க விரும்புபவர்கள், அமிலத்தன்மையைக் காட்டும் pH எண் 4.6க்குக் கீழே இருக்கும்படி சோதித்து வகுத்த செய்முறையை மட்டுமே பின்பற்ற வேண்டும். மேலே நான் கொடுத்தவை அதற்கானவை அல்ல.

இவற்றை எதோடு சாப்பிடுவது?

மொரிட்டா சல்சா சுட்ட இறைச்சிக்கும் முட்டைக்கும். குவாஹியோ, ஆர்போல் சேர்ந்த சிவப்புச் சல்சாவில் டோர்ட்டியா என்ற மக்காச்சோள ரொட்டியின் பொரித்த துண்டுகளைப் புரட்டி, மேலே பச்சை வெங்காயமும் புளித்த பாலாடையும் போட்டால் சிலாக்கீலெஸ் என்ற காலை உணவு. மாச்சாவை வேகவைத்த கறுப்பு பீன்ஸ் மேல் ஒரு கரண்டி விடுங்கள், அல்லது சுட்ட மீன்மேல். பரிமாறும் முன் சல்சாவைக் குளிர்பெட்டியில் இருந்து எடுத்து அரை மணி நேரமாவது வெளியில் வையுங்கள்; சில்லென்று இருக்கும்போது மொரிட்டாவின் புகை வாசனை பாதிகூடத் தெரியாது.